ஆட்டக்காரர் ஆசானான கதை



நமது சங்கத்தின் ஆண்டு மலருக்கு மறைந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு செயலாளர் என்னைக் கேட்டபோது, நான் ஏதேனும் ஒரு புலவரைப் பற்றியோ தலைவரைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். அவர்களைப் பற்றி எழுத என்னினும் தகுதி உடையோர் நம்மிடையே பலர் உளர். நான் எழுதப் போவது ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி. கூடைப்பந்து ஆடிப் பிழைத்து, பிறகு கூடைப்பந்து கற்பித்து வாழ்ந்து, 1970-ஆம் ஆண்டில் மறைந்த அமெரிக்கர் அவர். பெயர் ஜோ லாப்சிக்.

இவரை நான் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. சென்ற ஆண்டு எங்கள் விடுதிக் கூடைப்பந்து அணிக்கு என்னைத் தலைவனாக்கினார்கள். பள்ளி நாள் முதல் ஆடி வருகிறேன். ஓரளவு நன்றாகவே ஆடுவேன். ஆதலால் முதலாண்டு மாணவர்களைப் பழக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. நம் ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் வந்து சேர்ந்தான். நல்ல உயரம்; ஆனால் கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நான் ஒரு முறை செய்து காட்டினேன், அவனுக்கு வரவில்லை. மறுபடியும் காட்டினேன், வரவில்லை. மூன்றாம் நாள் எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்து பேசிவிட்டேன். நான்காம் நாள் அவன் வரவில்லை. பிறகு வரவே இல்லை. எனக்கு எளிதாக வருவது அவனுக்கு ஏன் வரவில்லை என்று அன்று எனக்கு விளங்கவில்லை. நன்றாக ஆடத் தெரிந்தவனுக்கு நன்றாகக் கற்பிக்கவும் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை பொய்த்த பிறகுதான், ஆட்டத்திலிருந்து ஆசிரியத்துக்குப் போன பழைய வீரர்களின் வரலாறுகளைப் படிக்கலானேன். அவர்களுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தவர் லாப்சிக்.

அவர் 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், நியூயார்க் நகரை அடுத்து வடக்கே உள்ள யாங்கர்ஸ் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் செக் இனத்தவர். ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள். வீட்டில் வறுமை. தொடக்கப் பள்ளியோடு ஜோவின் படிப்பு நின்றது. உயர்நிலைப் பள்ளியின் படியை மாணவராக அவர் மிதித்ததே இல்லை. பகலில் கூலி வேலை, மாலையில் பந்து என்று வளர்ந்தார். வளர்ந்தார் என்றால் சாதாரண வளர்ச்சி அன்று: 6 அடி 5 அங்குலம்! இன்றைய அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் அந்த உயரத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அக்காலத்திலோ அது தெருவில் குழந்தைகள் நின்று வேடிக்கை பார்க்கும் உயரம்.

அந்த உயரமே அவருக்குச் சோறு போட்டது. அதை விளங்கிக்கொள்ள அக்காலத்து விதி ஒன்றை அறிய வேண்டும். இன்று ஓர் அணி கூடையில் பந்தைப் போட்டால், எதிரணியினர் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எடுத்து ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். 1937-இல் விதி மாறும் வரை வழக்கம் வேறு. ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் இரண்டு அணிகளின் நெட்டையர் இருவரும் ஆடுகளத்தின் நடுவில் வந்து நிற்பார்கள். நடுவர் பந்தை மேலே எறிவார். எவர் எம்பித் தட்டித் தம் ஆளிடம் சேர்க்கிறாரோ அவர் அணிக்கே பந்து. ஆகவே எம்புகிறவன் வல்லவனாக இருந்தால், கூடையும் போட்டுப் பந்தையும் திரும்பப் பெற்று, எதிரணியைத் தவிக்க விடலாம். அப்படிப்பட்ட ஆளுக்கு எங்கும் கிராக்கி இருந்தது.

அன்றைய தொழில்முறைக் கூடைப்பந்து இன்று நாம் காணும் கோலாகலம் அன்று. பல ஊர்களில் நடன மண்டபங்களே ஆடுகளங்கள். ஆட்டம் முடிந்ததும் அதே தரையில் மக்கள் நடனமாடுவார்கள். சில இடங்களில் ஆடுகளத்தைச் சுற்றிக் கம்பி வலையோ கயிற்று வலையோ கட்டி, கூண்டுக்குள் ஆட விடுவார்கள். நிலையான ஒப்பந்தம் பலருக்குக் கிடையாது. ஓர் இரவு ஓர் அணிக்கும், மறு இரவு கூடுதலாகப் பணம் கொடுக்கும் இன்னோர் அணிக்கும் ஆடினார்கள். லாப்சிக்கும் இளமையில் அவ்வாறு ஆடியவரே.

1923-ஆம் ஆண்டில் அவர் நியூயார்க்கின் ஒரிஜினல் செல்டிக்ஸ் அணியில் சேர்ந்தார். பிற்காலத்துப் பாஸ்டன் செல்டிக்ஸ் வேறு, இது வேறு. நாட் ஹோல்மன், ஜானி பெக்மன், டட்ச் டெனர்ட், பீட் பாரி ஆகியோர் ஆடிய அந்த அணிக்கு அந்நாளில் நிகரில்லை. ஆண்டுக்கு நூறு ஆட்டங்களுக்கு மேல் ஊர் ஊராகச் சென்று ஆடினார்கள். அவர்கள் கரும்பலகையில் படம் வரைந்து ஆட்டம் பயின்றவர்கள் அல்லர். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, வருகிற பந்தை வாங்கி, ஓடி வரும் தோழருக்குத் திருப்பிக் கொடுக்கும் முறை ஒன்றை டெனர்ட் புகழ் பெறச் செய்தார். அது ஆட்டத்தின் நடுவே, எதிரணிக் காவலன் ஒருவனைச் சமாளிக்க எழுந்த யோசனை என்பார்கள். இப்படிக் களத்தில் பிறந்த அறிவே அவர்களுடைய கல்வி. பள்ளியை விட்டு வந்த லாப்சிக்குக் கிடைத்த கல்லூரியும் அதுவே.

1926-27, 1927-28 ஆகிய இரு பருவங்களிலும் அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் வெற்றிக் கோப்பையைச் செல்டிக்ஸ் தட்டிச் சென்றது. எப்போதும் ஒரே அணி வென்றால் பார்க்க வருவோர் குறைவார்கள் அல்லவா? 1928-இல் அந்த அணி கலைக்கப்பட்டது. வீரர்கள் பல அணிகளுக்குப் பிரிந்தனர். லாப்சிக் கிளீவ்லண்டு நகரின் ரோசன்பிளம்ஸ் அணிக்குப் போனார். 1929-லும் 1930-லும் அந்த அணி வென்றது! ஆனால் அதற்குள் பொருளாதாரப் பெருமந்தம் வந்துவிட்டது. கிளீவ்லண்டு அணி மூடப்பட்டது. லாப்சிக்கும் பழைய தோழர் சிலரும் செல்டிக்ஸ் பெயரில் மீண்டும் ஓர் அணி கூட்டி, ஊர் ஊராக மோட்டார் வண்டியில் சென்று ஆடிப் பிழைத்தார்கள்.

அந்த அலைச்சல் காலத்தில்தான் அவர் உள்ளத்தில் ஒரு பாடம் பதிந்தது. நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் பாப் டக்ளஸ் என்பவர் 1923-இல் தொடங்கிய ரெனசான்ஸ் என்ற அணி இருந்தது. மக்கள் அதைச் சுருக்கமாக ரென்ஸ் என்பார்கள். அதன் வீரர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். வெள்ளையரின் லீகில் அவர்களுக்கு இடமில்லை. பல ஊர்களில் உண்ண உணவகம் இல்லை. உறங்க விடுதி இல்லை. ஆட்டத்திலோ அவர்களை மிஞ்சுவோர் அரியர். 1933-இல் தொடர்ந்து 88 ஆட்டங்களில் வென்றார்கள். அந்தத் தொடரை முறித்தது செல்டிக்ஸ் அணியே. இரு அணிகளும் எத்தனையோ முறை மோதின. ரென்ஸ் அணியின் நடு ஆட்டக்காரர் டார்சான் கூப்பர். எதிரே எம்ப நிற்பவர் லாப்சிக். வெள்ளையர் கூட்டம் நிறைந்த அரங்கங்களில், பந்து மேலே எழுவதற்கு முன் லாப்சிக் கூப்பரைத் தழுவிக்கொள்வாராம். கூட்டத்தில் சிலருக்கு அது பிடிக்காது. அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை. எதிரியின் திறமையை உடம்பால் அறிந்தவருக்கு அவன் தோலின் நிறம் பெரிதாகத் தோன்றுமா?

1936-ஆம் ஆண்டில் லாப்சிக்குக் கால்கள் தளரத் தொடங்கின. அப்போது நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் அவரைக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக அழைத்தது. எண்ணிப் பாருங்கள்! உயர்நிலைப் பள்ளியையே காணாத ஒருவர் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆசானாகச் செல்கிறார். தமக்கு அதற்குத் தகுதி உண்டா என்ற அச்சம் அவருக்கு இருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் நாட்டின் தலைசிறந்த வீரர்களோடு ஆடியவர். ஒரு கண்ணசைவில் தோழரின் எண்ணத்தை அறிந்தவர். அந்தக் கண்ணசைவை இருபது வயது மாணவனுக்கு எப்படிச் சொல்லித் தருவது? இந்தக் கேள்வியைப் படித்தபோது என் தம்பியின் நினைவு வந்தது. நான் செய்யத் தவறியது இதைக் கேட்டுப் பார்ப்பதைத்தான்.

லாப்சிக் மாணவர்களோடு சேர்ந்து தாமும் கற்றுக்கொண்டார். பிறர் தந்திரங்களில் வல்லவர் என்று பெயர் பெற்றார்கள். அவரோ ஆட்களை அறிந்து நடத்துவதில் பெயர் பெற்றார். ஒவ்வொருவனுக்கும் எது வரும், எது வராது, எவனைத் தட்டிக்கொடுக்க வேண்டும், எவனைச் சற்று உரத்து அழைக்க வேண்டும் என்று பார்த்து நடந்தார். அவரிடம் ஹாரி பாய்காஃப் என்ற நெட்டை மாணவர் இருந்தார். பழைய நெட்டையரிடம் புதிய நெட்டையர் பயின்றார். 1943-ஆம் ஆண்டு மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் நடந்த தேசிய அழைப்புப் போட்டியில் செயின்ட் ஜான்ஸ் வென்றது. சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பாய்காஃப். அந்நாளில் கல்லூரி அணிகளுக்கு அதைவிடப் பெருமை தரும் போட்டி அரிது.

மறு ஆண்டு உலகப் போர் பாய்காஃபைப் படைக்கு அழைத்துக்கொண்டது. இருந்தவர்களை வைத்துக்கொண்டே 1944-லும் லாப்சிக்கின் அணி அதே கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது ஜார்ஜ் மைக்கன் என்ற புகழ் பெற்ற நெட்டையரைக் கொண்ட டீபால் அணி. ஆட்டத்தின் நடுவே, பரபரப்புத் தாங்காமல் லாப்சிக் மயங்கி விழுந்துவிட்டார்! ஆடும்போது கல்லாக நின்றவர், பிறர் ஆடுவதைப் பார்த்திருக்க முடியாமல் நடுங்கினார். களத்தில் இருப்பவன் தன் படபடப்பை ஓடித் தீர்த்துக்கொள்கிறான். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான்? வாழ்நாள் முழுவதும் இந்தப் படபடப்பு அவரை விடவில்லை.

1947-இல் அவர் தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்பினார். நியூயார்க் நிக்ஸ் அணியின் பயிற்சியாளரானார். 1950-இல் அந்த அணி, ரென்ஸ் அணியிலும் ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் அணியிலும் ஆடிய நாட் கிளிஃப்டன் என்ற கறுப்பின வீரரைச் சேர்த்துக்கொண்டது. ‘ஸ்வீட்வாட்டர்’ என்று அவரைச் செல்லமாக அழைப்பார்கள். என்.பி.ஏ. லீகில் கறுப்பினத்தவர் ஆடத் தொடங்கியது அந்தப் பருவத்தில்தான். பாஸ்டனில் சக் கூப்பர், வாஷிங்டனில் எர்ல் லாயிட், நியூயார்க்கில் கிளிஃப்டன் என மூவர் கதவைத் திறந்தனர். இதற்காக லாப்சிக்கின் வீட்டுக்கு வசை நிறைந்த தொலைபேசி அழைப்புகள் வந்தன. அவருடைய உருவபொம்மையை வீட்டின் எதிரே ஒரு மரத்தில் தொங்கவிட்டார்கள். அதைச் சன்னல் வழியே பார்த்தவன் ஐந்து வயதுச் சிறுவன். அவர் மகன் ரிச்சர்ட். அச்சிறுவனே வளர்ந்து, விளையாட்டில் நிறவெறியை எதிர்த்துப் போராடுவோருள் ஒருவரானார். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசை விளையாட்டுலகம் ஒதுக்க வேண்டும் என்று உழைத்தார். இந்த நிகழ்ச்சியையும் அவரே உலகுக்குச் சொன்னார்.

நிக்ஸ் அணி 1951, 1952, 1953 ஆகிய மூன்று ஆண்டுகளும் இறுதிப் போட்டிக்குச் சென்றது, மூன்றிலும் தோற்றது. 1951-இல் ராச்செஸ்டர் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்து, அடுத்த மூன்றையும் வென்று, ஏழாவதை வெறும் 4 புள்ளிகளில் இழந்தார்கள். லாப்சிக்கின் உறக்கம் கெட்டது, உடல் நலிந்தது. 1956-இன் தொடக்கத்தில் அவர் விலகினார். அதே ஆண்டில் செயின்ட் ஜான்ஸ் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது.

இனி நான் சொல்லப் போவதே இவ்வாழ்க்கையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை ஓர் ஊழல் உலுக்கியது. சூதாடிகள் எந்த அணி வெல்லும் என்பதன் மேல் மட்டும் பந்தயம் கட்டுவதில்லை; எத்தனைப் புள்ளிகளில் வெல்லும் என்பதன் மேலும் கட்டுவார்கள். பத்துப் புள்ளிகளில் வெல்லக் கூடிய அணி ஐந்தில் வென்றால் அவர்களுக்குப் பணம். ஆகவே மாணவனிடம் வந்து, நீ தோற்க வேண்டாம்; வென்றுவிடு; கொஞ்சம் குறைவாக வென்றால் போதும் என்பார்கள். எவ்வளவு நயமான வலை, பாருங்கள்! ஏழைப் பிள்ளைகள், தாங்கள் அணிக்குத் துரோகம் செய்யவில்லை என்று தங்களையே தேற்றிக்கொண்டு அதில் விழுந்தார்கள். ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் சிக்கினர். அவர்களுள் 1950-இல் இரு பெரும் தேசியக் கோப்பைகளையும் ஒருசேர வென்ற நியூயார்க் சிட்டி கல்லூரி அணியினரும் இருந்தனர். அந்த அணியின் பயிற்சியாளர் வேறு யாருமல்லர். லாப்சிக்கின் பழைய செல்டிக்ஸ் தோழர் நாட் ஹோல்மன்! ஹோல்மன் குற்றமற்றவர். ஆயினும் கண்ணெதிரே இருந்த பிள்ளைகள் விற்கப்பட்டதை அவர் அறியவில்லை.

லாப்சிக் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளில் வந்த செய்திகளைக் கத்தரித்து ஒரு பெரிய ஏட்டில் ஒட்டி வைத்தார். கைதான மாணவர்களின் படங்கள், நீதிமன்றச் செய்திகள், பாழான எதிர்காலங்கள் எல்லாம் அதில் இருந்தன. 1956-இல் செயின்ட் ஜான்ஸுக்குத் திரும்பிய பின், தம் அணியில் சேரும் ஒவ்வொருவனும் அந்த ஏட்டைப் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்று வைத்தார். பந்தைப் பிடிக்கக் கற்பிப்பதற்கு ஈடாக இதையும் தம் கடமை என்று எண்ணினார். ஏடு படித்து வளராத ஒருவர், மாணவர்களுக்காக ஓர் ஏடு செய்தார் என்பதை நினைக்கும்போது என் நெஞ்சு நெகிழ்கிறது.

அந்த ஏடு எல்லோரையும் காத்தது என்று சொன்னால் அது பொய்யாகும். 1959-இல் அவருக்கு மூன்றாம் முறையாகத் தேசிய அழைப்புக் கோப்பையை வென்று தந்த அணியில் டோனி ஜாக்சன் என்ற அரிய வீரர் இருந்தார். 1961-இல் மீண்டும் ஓர் ஊழல் வெளிப்பட்டது. ஜாக்சன் ஆட்டத்தை விற்றவர் அல்லர். சூதாடிகள் தம்மிடம் பேசியதை அவர் உரியவர்களிடம் தெரிவிக்கவில்லை என்பதே குறை. அதற்காக என்.பி.ஏ. லீகின் கதவு அவருக்கு மூடப்பட்டது. ஏட்டைப் படித்த மாணவன், கையெழுத்திட்ட மாணவன்! ஆசானால் எச்சரிக்க முடியும். அந்த இருட்டு வேளையில் மாணவனுக்குப் பதிலாக வாய் திறக்க முடியாது. எனினும் லாப்சிக் ஏட்டை மூடிவிடவில்லை. அடுத்து வந்தவர்களும் அதைப் படித்தார்கள். நம் விடுதிகளிலும் இரவில் கைப்பேசியில் பந்தயம் கட்டிப் பெற்றோர் அனுப்பிய பணத்தைத் தொலைப்போர் இருக்கிறார்கள். அதனால்தான் இதைச் சற்று விரித்து எழுதினேன்.

1965-ஆம் ஆண்டு லாப்சிக்குக் கட்டாய ஓய்வு வந்தது. பல்கலைக்கழகத்தின் விதிப்படி அறுபத்தைந்து வயதுக்கு மேல் பணி இல்லை. அவ்வாண்டு தேசிய அழைப்புப் போட்டியே அவருடைய கடைசிப் போட்டி. ஒரு முறை தோற்றாலும் அன்றோடு வேலை முடிந்தது. அவருடைய மாணவர்கள் ஒவ்வோர் ஆட்டமாக வென்று அவருடைய நாட்களை நீட்டிக்கொண்டே போனார்கள். மார்ச் 20-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் வில்லனோவா அணியை 55-51 என்ற கணக்கில் வீழ்த்தி, நான்காம் முறையாகக் கோப்பையை அவர் கையில் கொடுத்தார்கள். அவரிடம் உதவியாளராக இருந்த லூ கார்னெசெக்கா அவருக்குப் பின் பொறுப்பேற்று, அப்பல்கலைக்கழகத்தின் இன்னொரு புகழ் பெற்ற பயிற்சியாளரானார்.

செயின்ட் ஜான்ஸில் இரு காலங்களிலும் சேர்த்து லாப்சிக் கண்ட வெற்றிகள் 334, தோல்விகள் 130. 1966-இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஆட்டக்காரர் என்ற வகையிலேயே சேர்த்தார்கள். 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் அவர் காலமானார். 1959 அணியில் அவரிடம் ஆடிய கஸ் ஆல்ஃபியரி என்பவர், 2006-இல் அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதினார். ஆசானின் வரலாற்றை மாணவனே எழுதுவதைக் காட்டிலும் ஓர் ஆசானுக்கு வேறென்ன வேண்டும்?

ஆட்டக்காரனுக்குத் தன் கைதான் கருவி. ஆசானுக்கோ பிறர் கையே கருவி. அது தன் விருப்பப்படி அசையாது. சில வேளைகளில் தவறும். அப்போது பொறுத்திருந்து மீண்டும் தொடங்குவதே அத்தொழில். லாப்சிக் அதை முப்பத்தாறு வயதில் தொடங்கிக் கற்றார். எனக்கு வயது இருபதுதான்.

இதை எழுதி முடித்த மாலையில் அந்தத் தம்பியின் அறைக்குச் சென்றேன். அன்று பேசியது என் தவறு என்று சொன்னேன். அவன் முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அண்ணன் காட்டிய வேகத்தில் தன் கண்ணால் பிடிக்கவே முடியவில்லை என்று மெல்லச் சொன்னான். இந்தச் சிறு செய்தியை அன்றே அவனிடம் கேட்டிருக்கலாம். நாளை மாலை ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். மெதுவாகக் காட்டுவதாக நானும் சொல்லியிருக்கிறேன்.